வெயில்முத்து மச்சானின் சேமநிதி

1

இந்தத் தை பிறந்தால் நான் பினாங்குக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு தையிலும் எனக்கு இரண்டு காரியங்கள் தவறாமல் வந்து சேரும். கப்பலை விட்டு இறங்கிய நாளை என் மனைவி செல்லம்மாள் ஞாபகப்படுத்தி, "அன்னைக்கு என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தீக? அஞ்சு வருசம்னுதானே சொன்னீக?" என்று கேட்பாள். அடுத்த வாரமே வருமான வரிப் படிவம் வரும். செல்லம்மாளுக்குச் சொல்லப் பதில் கிடையாது. படிவத்துக்குப் பதில் எழுதியே ஆக வேண்டும்.

நான் கப்பல் ஏஜெண்டு கம்பெனி ஒன்றில் கிராணி. கிராணி என்றால் குமாஸ்தாதான், இந்த ஊர்ப் பெயர். வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் உண்டு, வரி கட்டிய பிறகு பெருமைப்படும் அளவுக்கு மிச்சம் இல்லை. அதனால் படிவத்தில் நான் ஆசையோடு நிரப்புகிற பகுதி ஒன்றே ஒன்றுதான். வயதான காலத்துக்கென்று என்ன எடுத்து வைத்தாய் என்று கேட்கிற பகுதி அது. அதில் எழுதுகிற தொகைக்கு வரியில் சலுகை தருவார்கள்.

எடுத்து வைக்க மூன்று இடம் இருக்கிறது. முதலாவது சேமநிதி. சம்பளம் கைக்கு வருமுன்பே ஒரு பங்கைப் பிடித்துவிடுவார்கள், முதலாளியும் தன் பங்குக்குக் கொஞ்சம் போட வேண்டும். நாமாக விரும்பினால் இன்னும் கூடப் பிடிக்கச் சொல்லலாம். ஆனால் ஐம்பத்தைந்து வயது ஆகும்வரை அதைத் தொட முடியாது. அடுத்து இன்ஷூரன்ஸ். அதுவும் நீண்ட கால விவகாரம். இருபது வருஷம் கழித்து எனக்கு வரும், நடுவில் நான் போய்ச் சேர்ந்தால் செல்லம்மாளுக்கு வரும். மூன்றாவது தபாலாபீஸ் சேமிப்பு. அங்கே போடுகிற பணத்துக்குச் சலுகை இல்லை, வருகிற கொஞ்சம் வட்டிக்கு மட்டும் வரி கிடையாது. ஆனால் சனிக்கிழமை காலையில் போய் நின்றால் பணம் கையில் கிடைக்கும்.

நான் கெட்டிக்காரன் என்று நினைப்பு. முதல் இரண்டிலும் முடிந்த மட்டும் போட்டுவிட்டுத் தபாலாபீஸில் பேருக்குக் கொஞ்சம் வைத்திருந்தேன். வரியில் மிச்சம் பிடித்ததை ஆபீஸில் நாலு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

2

எங்கள் அப்பாவுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் மானாவாரிக் கரிசல் கொஞ்சம். மழை ஏமாற்றினால் தீப்பெட்டிக் கம்பெனிக்கு லோடு ஏற்றப் போவார். கையில் காசு தங்கினால் ஒரு வெள்ளாட்டுக் குட்டியை வாங்கி வாரத்துக்கு விட்டுவிடுவார். வளர்க்கிறவருக்கும் அவருக்கும் போடுகிற குட்டியில் பாதிப் பாதி. அதற்குப் படிவம் கிடையாது. எந்த ஆடு யாருடையது என்பது ஊருக்கே தெரியும். அடைமழைக் காலத்தில் குச்சி காயாது, கம்பெனியில் வேலை இருக்காது. அப்போது ஒரு ஆடு சாத்தூர்ச் சந்தைக்குப் போகும். நான் விருதுநகரில் தங்கிப் பள்ளிக்கூடம் படித்ததெல்லாம் அந்த ஆடுகளை விற்றுத்தான். கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குக்கூட எங்கள் ஆட்டை அறுக்கவிட்டதில்லை அப்பா.

என் பெண் சரோஜாவிடம் இதைச் சொன்னேன். பதினாலு வயது. இங்கே பிறந்தவள், கான்வெண்டில் படிக்கிறாள், தமிழைச் சுருட்டிச் சுருட்டிப் பேசுவாள். "ஆட்டுக்கு இண்டரஸ்ட் எவ்வளவு அப்பா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கணக்குப் போட்டுப் பார்க்கத்தான் கேட்டாள். அவளுக்கு ஆட்டைக் கறியாக மட்டும்தான் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

3

இப்போது வெயில்முத்து மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். செல்லம்மாளின் அண்ணன். என்னை இந்த ஊருக்கு வரவழைத்தவர். இங்கே எங்களுக்கு இருக்கிற ஒரே சொந்தம் அவர்தான்.

விருதுநகரில் அவர் வத்தல் மண்டியில் எடை போடுகிறவராக இருந்தார். மிளகாய் மூடையைப் பிரிக்கும்போது மற்றவர்கள் தும்மித் தும்மிக் கண்ணீர் விடுவார்கள், இவர் வெற்றிலை போட்டுக்கொண்டு நிற்பார். இங்கே ஒரு சீனத் தவுக்கேயின் மளிகைக் கிட்டங்கியில் அதே வேலை. தவுக்கே என்றால் முதலாளி. மச்சானின் மனைவி கப்பலேற மறுத்துவிட்டாள். சாத்தூரில் தாய் வீட்டில் இருந்துகொண்டு அவளும் மகள் கோமதியும் தீப்பெட்டி ஒட்டுகிறார்கள். மாதா மாதம் மச்சான் பணம் அனுப்புவார். மிச்சத்தில் இரண்டு வேட்டி, வெற்றிலை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பாடு.

போன கார்த்திகையில் கப்பலில் வந்த சாத்தூர்க்காரர் ஒருவர் மச்சானுக்கு ஒரு சேதி கொண்டுவந்தார். கோமதி பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டாள். ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைக்கும் போலிருக்கிறது. வரும் ஆனியில் சேர வேண்டும், சேர்க்கவும் இரண்டு வருஷம் விடுதியில் வைக்கவும் பணம் வேண்டும். இல்லையென்றால் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போய் மரச்சட்டத்தில் குச்சி அடுக்க வேண்டியதுதான், அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றாளாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் மச்சான் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். சேர்த்து வைத்த பணம். அதிகமில்லை.

"மாப்ளே, வரி கிரின்னு நீங்க வெவரமாப் பேசுவீகளே. இதை எங்கனயாச்சும் போட்டு ஆனிக்குள்ள பெருக்க முடியுமா?"

ஆறேழு மாதத்தில் பெருகுகிற இடம் சூதாட்ட மேசை ஒன்றுதான் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"வரி கட்டாதவருக்கு வரிச் சலுகையால ஒரு லாபமும் கிடையாது மச்சான். இதைத் தபாலாபீஸ்ல போட்டு வைங்க, வேணுங்கும்போது எடுத்துக்கலாம். அது கிடக்கட்டும், உங்க சேமநிதியில எம்புட்டு இருக்கு?"

"எனக்கு ஏது சேமநிதி?"

"கடையில மாசாமாசம் சம்பளத்துல பிடிக்கலையா?"

"பிடிக்கத்தான் செய்றாக. அது மகமைல்லா?"

4

விருதுநகர் ஆட்களுக்கு மகமை என்றால் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அந்த ஊர்ப் பஜாரில் ஒரு மூடை வத்தலோ மல்லியோ விலை போனால், வியாபாரி லாபத்தைப் பார்க்குமுன் அதில் ஒரு சிறு துண்டு ஊர்ப் பொதுவுக்குப் போய்விடும். பள்ளிக்கூடம், கோயில், கிணறு எல்லாம் அந்தப் பணத்தில்தான். வருஷத்துக்கு ஒருமுறை கணக்கை ஊர்க்கூட்டத்தில் வாசிப்பார்கள். ஆனால் தன் பங்கு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள். அப்படிக் கேட்கிறவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். மகமை கொடுக்கிறவன்தான் ஊர்க்காரன். கொடுக்காதவன் எத்தனை வருஷம் கடை வைத்திருந்தாலும் வழிப்போக்கன்தான்.

மச்சான் பதினைந்து வயதிலிருந்து அந்தத் தராசுக்குப் பக்கத்தில் நின்றவர். இங்கே வந்து சில வருஷத்தில் ஒருநாள் தவுக்கே எல்லோரையும் கூப்பிட்டு, இனிமேல் சம்பளத்தில் பொதுவாக ஒரு பங்கு பிடிக்கப்படும், சர்க்கார் உத்தரவு, நானும் போடுகிறேன் என்றிருக்கிறார். கிட்டங்கியில் இருந்த மற்றவர்கள் முணுமுணுத்திருக்கிறார்கள். மச்சானுக்கு மட்டும் அது பழகிய சங்கதியாகப் பட்டது. அதே வருஷம் கிட்டங்கிச் சந்து முனையில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் எழும்பியது. அவர் இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டார். யாரிடமும் கேட்கவில்லை. மகமையைப் பற்றி என்ன கேட்பது?

கதை இதோடு நிற்கவில்லை. விருப்பப்பட்டவர்கள் கூடவும் போடலாம் என்று தவுக்கே சொன்னாராம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மச்சான் கையைத் தூக்கியிருக்கிறார்.

"ஏன் மச்சான் அப்படிச் செஞ்சீக?" என்றேன்.

"விருதுநகர்க்காரன் ஒருத்தன் இருந்தான், அவனும் அளந்துதான் போட்டான்னு இருக்கக்கூடாதுல்லா?"

அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் கூடுதல் பணமும் பிடிபட்டு வந்திருக்கிறது. வருஷா வருஷம் கடைக்கு வந்த ஆங்கிலக் காகிதத்தைக் கடைக் கிராணி நீட்டினால், "நீயே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு மூடையைப் பார்க்கப் போய்விடுவாராம். எனக்கு இப்போது வேறு சில விஷயங்களும் விளங்கின. மச்சான் சாயங்காலம் அந்தப் பள்ளிக்கூட வழியாகத்தான் நடப்பார். சுவரில் காரை பெயர்ந்திருந்தால் நின்று பார்ப்பார். ஒருமுறை குழாயை மூடாமல் விட்டதற்குக் காவல்காரரைச் சத்தம் போட்டதை நானே பார்த்தேன். அந்த ஆளும் இவரை ஏதோ கமிட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டு கையைக் கட்டி நின்றார். தலைமையாசிரியர் இவரைக் கண்டால் தூரத்திலேயே வணக்கம் சொல்வார்.

5

நான் மெதுவாகத்தான் சொன்னேன். அது மகமை இல்லை, அவர் பேரில் தனியாகக் கணக்கு இருக்கிறது, முதலாளி போட்டதும் வட்டியும் சேர்ந்திருக்கும், கூடுதலாக வேறு பிடித்திருப்பதால் நல்ல தொகையாக இருக்கும் என்று. என் தொகையைவிட அதிகமாகக்கூட இருக்கலாம் என்று சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் வயிறெரிந்தது. படிவத்தைக் கரைத்துக் குடித்தவன் நான். எனக்குக் கை தூக்கத் தோன்றவில்லையே.

செல்லம்மாள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏண்ணே, கோமதி அங்கன பசையில கை வச்சுக்கிட்டுக் கிடக்கா, நீ இங்கன எவன் பள்ளிக்கூடத்துக்கோ கை தூக்கியிருக்கியே" என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள், அது இப்போது அண்ணன் பணம்தான் என்று ஞாபகம் வந்து, திட்டுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டாள்.

மச்சான் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன். காணவில்லை. பொட்டலத்தை எடுத்து மறுபடியும் மடியில் கட்டிக்கொண்டார்.

"அப்ப நான் இம்புட்டு நாளாக் கொடுத்ததெல்லாம் எனக்கேவா?" என்றார்.

நான் ஆமாம் என்றேன். அவர் எழுந்து போய்விட்டார். அன்று பள்ளிக்கூடச் சந்து வழியாகப் போகாமல் கடைத்தெரு வழியாகச் சுற்றிப் போனார் என்று மறுநாள் சரோஜா சொன்னாள்.

6

தொகையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு மாதம் பிடித்தது. சேமநிதி ஆபீஸில் ஜன்னலுக்கு ஜன்னல் அலைந்தோம். பிறந்த தேதி என்ன என்றார்கள். "தாது வருசத்துப் பஞ்சத்துக்கு அப்புறம்" என்று மச்சான் சொல்ல ஆரம்பித்தார், அது அவருடைய அப்பா பிறந்த கதை. பாஸ்போர்ட்டில் யாரோ எழுதி வைத்திருந்த வருஷத்தை நான் காட்டினேன். அதன்படி அவருக்கு ஐம்பத்தொன்று. பணம் இருந்தது. கோமதியைப் படிக்கவைத்து, கல்யாணமும் செய்து, சாத்தூரில் ஒரு சின்னக் கடையும் வைக்கலாம். ஆனால் ஐம்பத்தைந்துக்கு முன்னால் கொடுக்கமாட்டார்கள்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் ஒரு வழி சொன்னாள். இந்த நாட்டை விட்டு நிரந்தரமாகப் போகிறவருக்கு முன்கூட்டியே கொடுப்பார்கள். திரும்பி வரும் எண்ணம் இல்லை என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆக, நாலு வருஷம் காத்திருந்தால் மச்சானுக்குப் பணமும் கிடைக்கும், இந்த ஊரும் இருக்கும். கோமதிதான் அதற்குள் குச்சி அடுக்கப் போயிருப்பாள். கையெழுத்துப் போட்டால் கோமதி பயிற்சிக்குப் போகலாம், மச்சான் திரும்பவே முடியாது.

வீட்டுக்கு நடந்துவரும்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். "நான் கோமதிக்குக் கட்டுகிறேன், நீங்கள் இருங்கள்" என்று. சொல்வதற்கு வாய் இருந்தது, பணம் இல்லை. என் சேமநிதி பூட்டிக் கிடந்தது. இன்ஷூரன்ஸை முறித்தால் போட்டதில் பாதிகூடத் தேறாது என்று முன்பே விசாரித்திருந்தேன். தபாலாபீஸில் இருந்தது சரோஜாவின் பள்ளிக் கட்டணத்துக்கே இழுபறி. வரிக்குத் தப்பிய பணம் எனக்கும் தப்பிவிட்டது. அப்பாவிடம் இந்த நேரத்தில் நாலு ஆடாவது இருந்திருக்கும்.

"என்ன செய்யப் போறீக மச்சான்?"

"செய்ய என்ன இருக்கு? புள்ள ஆனியில சேரணும்."

"நாலு வருசம்னு பார்த்தா..."

"நாலு வருசத்துக்கு அவ வயசைப் பிடிச்சு வச்சுக்க முடியுமா மாப்ளே?"

அவர் போவது எனக்குப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் பயமாகவே இருந்தது. ஆனாலும் உறுதிமொழியை நான்தான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன், நல்ல கையெழுத்து என்பதால். திரும்பி வரும் எண்ணம் எனக்கில்லை என்கிற வரியைத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் நின்ற சரோஜா, "அப்பா, நீங்களும் ஒருநாள் இதே மாதிரி எழுதுவீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். செல்லம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்து என்ன கேட்டாள் என்று புரிந்துகொண்டுவிட்டாள். அவளும் பதிலுக்காகக் காத்திருந்தாள். நான் உறுதிமொழியை மடித்து உறையில் வைத்தேன்.

7

பங்குனியில் பணம் வந்தது. ஊருக்கு அனுப்ப வேண்டியதை அனுப்பத் தபாலாபீஸுக்கு நான் மச்சானோடு போவதாக ஏற்பாடு. அவர் வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி வந்திருந்தார். போகிற வழியில் பள்ளிக்கூடச் சந்து முனையில் திரும்பினார்.

"எங்க மச்சான்?"

"இருங்க மாப்ளே. கைக்கு வந்ததும் மொதல்ல எடுக்க வேண்டியதை எடுத்துட்டுத்தான மத்தது?"

பள்ளிக்கூடத்துக்குள் போனார், நானும் பின்னாலேயே போனேன். தலைமையாசிரியர் வழக்கம்போல் வணக்கம் சொல்லி நாற்காலி போட்டார். மச்சான் உட்காரவில்லை. உறையிலிருந்து ஒரு கட்டு நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். பஜாரில் மூடைக்கு என்ன விகிதமோ அதே விகிதத்தில் மொத்தத்துக்கும் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார் என்பது எனக்கு உடனே தெரிந்தது. கோமதியின் விடுதிச் சாப்பாடு ஒரு வருஷத்துக்கு ஓடியிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் யாரும் இல்லாவிட்டால் கையைப் பிடித்திருப்பேன்.

"என்னய்யா இது?" என்றார் தலைமையாசிரியர்.

"பழைய பாக்கி."

"பாக்கியா? நீங்க நமக்கு எதுவும் தர வேண்டியதில்லையே."

"தந்துட்டிருக்கேன்னு நெனச்சிட்டிருந்தேன் சார். தரலைன்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

அவருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். வெளியே குழாயடியில் பிள்ளைகள் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள், ஒருவன் குழாயை மூடாமல் ஓடினான். மச்சான் அதையும் கவனித்தார். இந்த முறை சத்தம் போடவில்லை.

தலைமையாசிரியர் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார். பெயரை எழுதினார். எழுதிக்கொண்டே, "ஊர்? விருதுநகர்தானே?" என்றார்.

திரும்பி வரமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த அந்த மனுஷர் சொன்னார்:

"இல்ல சார். இந்த ஊருன்னே போடுங்க."